பெயருக்கு யார் சாட்சி?

(நாவிதன்வெளியில் ஆற்றப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

உயர்தர மாணவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும்போது 'டிஸ்கிரெடிட்' என்றொரு சொல் வரும். ஒருவருடைய நற்பெயரைக் குலைத்தல், அவர்மேல் உள்ள நம்பிக்கையைப் போக்குதல் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்வோம். பிள்ளைகள் வாக்கியத்தைப் பாடப்புத்தகத்தில் தேடுவார்கள். அம்பாறை மாவட்டத்தில் பிறந்த பிள்ளை அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வீட்டிலே யாரையாவது கேட்டால் போதும்.

அந்தச் சொல் நம்முடைய மண்ணில் என்ன வேலை செய்திருக்கிறது, அதற்கு மாற்று என்ன என்பதுதான் இன்றைய பேச்சு. நான் சொல்லவந்த விடயம் ஒன்றுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவனுடைய பெயரை மற்றவர்கள் கெடுக்கும்போது அதைக் காப்பாற்றும் வல்லமை அவனிடம் இருப்பதில்லை. அது அடுத்தவனிடம் இருக்கிறது. அந்த அடுத்தவன் வாய் திறந்தானா இல்லையா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

1. ஒரு மாக்கட்டி

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு. இடம் அம்பாறை நகரம். முஸ்லிம் சகோதரர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் திறந்த ஒற்றை அறைச் சாப்பாட்டுக்கடை. சாப்பிட வந்த ஒருவர் கறிக்குள் ஏதோ கட்டியாகக் கிடப்பதைப் பார்த்துச் சத்தம் போடுகிறார். சத்தம் கேட்டுக் கூட்டம் கூடுகிறது. காசாளர் மேசையில் இருந்த தம்பிக்குச் சிங்களம் மட்டுமட்டு. கறியில் மா சரியாகக் கரையாமல் கட்டிபட்டுவிட்டது, அதற்காகத்தான் ஏசுகிறார்கள் என்று அவர் நினைத்தார். கூட்டமோ வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது: பெண்களை மலடாக்கும் மருந்தைப் போட்டாயா, இல்லையா?

அவர் தடுமாறினார். தெரியாது என்றார். பிறகு, பயத்தில், போட்டோம் என்ற பொருளில் ஏதோ சொன்னார். கைத்தொலைபேசி ஒன்று அதைப் பதிவுசெய்துகொண்டிருந்தது. அந்த அரைகுறைச் சொல் 'குற்ற ஒப்புதல்' ஆகி முகநூலில் ஏறியது. அவரை அடித்தார்கள். கடையை நொறுக்கினார்கள். பள்ளிவாசலைத் தாக்கினார்கள், வாகனங்களுக்குத் தீ வைத்தார்கள்.

அந்த இரவுக்கு முன்பே பொய்க்கு விதை போட்டாகிவிட்டது. அம்பாறையில் முஸ்லிம் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடமிருந்து 23,000 மலட்டு மாத்திரைகளைப் பொலிஸார் கைப்பற்றினார்கள் என்றொரு கதை முகநூலில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியொரு கைப்பற்றல் நடக்கவே இல்லை. ஆனால் பாருங்கள், இருபத்துமூவாயிரம் என்று கணக்காகச் சொல்லிவிட்டால், யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார் என்று மனம் நம்பிவிடுகிறது.

அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் அந்தக் கட்டியைச் சோதித்துப் பார்த்தது. மாக்கட்டிதான். உணவில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கக்கூடிய மருந்து எதுவும் இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். அறிக்கை வருவதற்குள் கண்டி மாவட்டத்தில் திகண, தெல்தெனிய பகுதிகள் எரிந்துகொண்டிருந்தன. அங்கே தீ மூண்ட காரணம் வேறு. வீதியில் நடந்த ஒரு தாக்குதலில் காயப்பட்ட சிங்கள லொறிச் சாரதி இறந்துபோனார். ஆனால் தீயை ஊதிவிட்ட வாய்கள் அம்பாறைக் கதையையும் சேர்த்தே ஊதின. மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை. அடுத்த நாள் முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கம். தன்னுடைய தளம் அந்த வன்முறைக்குத் துணைபோனதற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. இடையில் போனது இரண்டு வருடம்.

இதில் நான் நின்று பார்க்க விரும்பும் இடம் அந்தக் காசாளர் மேசை. குற்றச்சாட்டு அவருக்கு விளங்கவில்லை. பதில் சொல்ல மொழி இல்லை. இல்லை என்று சரியான சிங்களத்தில் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா? அதுவும் நிச்சயமில்லை. குற்றம் சாட்டப்பட்டவனின் 'இல்லை'க்கு அந்த நேரத்தில் விலை கிடையாது. அங்கே விலை இருந்தது இன்னொருவருடைய வாய்க்கு. அந்தக் கடையில் தினமும் சாப்பிடுகிற சிங்களவர் ஒருவர் முன்னுக்கு வந்து, 'நான் இங்கே ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன், இது மா' என்று சொல்லியிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி முடிந்திருக்க வழி இருந்தது.

2. தெரியாத இடத்தில் முளைப்பது

இது நம் நாட்டு நோய் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 1969 மே மாதம், பிரான்சில் ஓர்லியன் என்ற நகரம். படித்தவர்கள் நிறைந்த, அமைதியான ஊர். இளம்பெண்கள் உடுப்பு வாங்கும் ஆறு கடைகளைப் பற்றி அங்கே ஒரு கதை கிளம்பியது. கடைகள் பெரும்பாலும் யூதர்களுடையவை. உடுப்பு மாற்றிப் பார்க்கும் அறைக்குள் பெண்களுக்கு மயக்க ஊசி போடுகிறார்களாம், சுரங்கத்தின் வழியாக லுவார் ஆற்றுக்குக் கொண்டுபோய் வெளிநாட்டுக்கு விற்றுவிடுகிறார்களாம். காணாமல் போனதாக ஒரு பெண்ணைப் பற்றிக்கூடப் பொலிஸில் முறைப்பாடு இல்லை. முறைப்பாடு இல்லாததற்கும் கதை ஒரு காரணம் வைத்திருந்தது: பொலிஸையும் பத்திரிகையையும் வாங்கிவிட்டார்கள்! மே 31, சனிக்கிழமை, சந்தை நாள். கடைவாசலில் கூட்டம் முறைத்துக்கொண்டு நின்றது.

எட்கார் மொரென் என்ற சமூகவியலாளர் தன் குழுவினரோடு அங்கே போய் ஆராய்ந்து அதே வருடம் ஒரு புத்தகம் எழுதினார். ஓர்லியனையும் அம்பாறையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறுபான்மையினனுடைய கடை. பெண்ணின் உடல். கண்ணுக்குத் தெரியாத மருந்து. ஐம்பது வருட இடைவெளி. கதையின் எலும்புக்கூடு மாறவில்லை. ஓர்லியனில் கதை எப்படி அடங்கியது? கடைக்காரர்களுடைய மறுப்பு எடுபடவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைகள் பகிரங்கமாகக் கண்டித்தன. ஆசிரியர்கள், தொழிற்சங்கங்கள், கத்தோலிக்க ஆயர் என்று யூதரல்லாத பலர் வெளியே வந்து இது பொய் என்றார்கள். அதன் பிறகுதான் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள், 'நான் எப்போது சொன்னேன்?' என்று கேட்கத் தொடங்கினார்கள்.

வதந்திக்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ஓல்போர்ட்டும் போஸ்ட்மனும் 1947இல் எழுதிய நூலில் அதைச் சொன்னார்கள். விடயம் எவ்வளவு முக்கியமோ, அதைப் பற்றிய தெளிவின்மை எவ்வளவோ, இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வதந்தியின் பலம். பெருக்கல் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். பிள்ளைப்பேறு எல்லா வீட்டுக்கும் முக்கியம். அதைக் குறைக்க ஒருவராலும் முடியாது. தெளிவின்மையைக் குறைக்கலாம். அடுத்த சமூகத்தின் அடுப்படி எப்படி இருக்கும் என்று தெரிந்தவனிடம் இந்தக் கதை விலைபோகாது.

இன்னொரு கணக்கும் உண்டு. அம்பாறையும் திகணவும் எரிந்த அதே நாட்களில், 2018 மார்ச் 9ஆம் திகதி, 'சயன்ஸ்' இதழில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டுவிட்டரில் சுமார் 30 இலட்சம் பேர் பரப்பிய ஏறத்தாழ 126,000 செய்திகளைப் பார்த்து எழுதியது. ஓர் உண்மைச் செய்தி 1,500 பேரைப் போய்ச் சேருவதற்குப் பொய்யைப் போல ஆறு மடங்கு நேரம் எடுத்ததாம். பொய்யைத் தூக்கிக்கொண்டு ஓடியது இயந்திரக் கணக்குகள் என்று பலர் நினைத்திருந்தார்கள். இயந்திரங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. ஓடியவர்கள் மனிதர்கள்.

3. ஒரு கழுத்துமாலை, ஒரு காற்சிலம்பு

நாவிதன்வெளி, கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை என்று இந்தப் பக்கத்தில் வாழும் நமக்கு இரண்டு கதைகள் நன்றாகத் தெரியும். ஒன்று பள்ளிவாசலில் கேட்பது, மற்றது கோயிலில் கேட்பது. இரண்டும் ஓர் ஆபரணத்தில் தொடங்குகின்றன.

முதலாவது, அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள்மேல் சுமத்தப்பட்ட பழி. ஒரு பயணத்திலிருந்து திரும்பும் வழியில் அவர்களுடைய கழுத்துமாலை தொலைகிறது. தேடப் போகிறார்கள். சிவிகைக்குள் அவர்கள் இருப்பதாக நினைத்துப் பயணக்கூட்டம் புறப்பட்டுவிடுகிறது. பின்னால் வந்த ஸஃப்வான் (ரழி) என்ற தோழர் தமது ஒட்டகத்தில் ஏற்றி, தாம் நடந்துவந்து, கூட்டத்தோடு சேர்க்கிறார். அவ்வளவுதான் நடந்தது. மதீனாவில் நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை அதைக் கதையாக்கினான். ஏறத்தாழ ஒரு மாதம் அந்த வீடு பட்ட பாடு கொஞ்சமல்ல. அன்னையவர்கள் அழுதார்கள்; தம்முடைய வாயால் மறுத்துச் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை என்றும் உணர்ந்திருந்தார்கள்.

அந்த மாதத்தில் நபியவர்கள் சிலரிடம் விசாரித்தார்கள். அவர்களில் ஒருவர் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி). நபியவர்களின் மற்றொரு மனைவி. அந்தஸ்தில் ஆயிஷா (ரழி) அவர்களுக்கு ஈடாகப் போட்டியிட்டவர் என்று ஆயிஷாவே பிறகு சொன்ன ஒருவர். ஸைனபின் சொந்தச் சகோதரியே பழியைப் பரப்பியவர்களில் இருந்தார். ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் போட்டி தீர்ந்திருக்கும். அவர் சொன்னதோ, காணாததைக் கண்டேன் என்றும் கேளாததைக் கேட்டேன் என்றும் சொல்லமாட்டேன், அவரைப் பற்றி நல்லதைத் தவிர வேறெதுவும் அறியேன் என்ற கருத்து. எதிர்த்தரப்பிலிருந்து வரும் சாட்சிக்கு இருக்கிற கனத்தை இதைவிடக் காட்ட முடியாது.

பிறகு அன்னையின் தூய்மையை அறிவித்து அந்நூர் அத்தியாயத்தின் வசனங்கள் இறங்கின. அவை பழி சொன்னவர்களோடு நின்றுவிடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களையும் பிடித்துக் கேட்டன. கேட்ட மாத்திரத்தில் நல்லெண்ணம் கொண்டு, இது அப்பட்டமான பொய் என்று ஏன் சொல்லவில்லை என்று. ஒழுக்கமுள்ள பெண்மேல் பழி சுமத்தி நான்கு சாட்சி கொண்டுவராதவனுக்கு எண்பது கசையடி. அதோடு அவனுடைய சாட்சியம் இனிச் செல்லாது. அடுத்தவருடைய நம்பகத்தைக் கெடுக்கப் போனவன் தன்னுடையதை இழக்கிறான்.

இரண்டாவது கதைக்கு மதுரைக்குப் போக வேண்டியதில்லை. வைகாசியில் காரைதீவிலும் தம்பிலுவில்லிலும் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும்போது வழக்குரை பாடக் கேட்டவர்கள் இந்தச் சபையில் நிறையப் பேர் இருப்பீர்கள். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், மனைவி கண்ணகியின் சிலம்பை விற்க வந்த கோவலனைக் கள்வனாக்குகிறான். பாண்டியன் விசாரிக்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவா என்று சொல்லிவிட்டு அந்தப்புரம் போய்விடுகிறான். அரசியின் சிலம்புக்குள் முத்து, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அது கோவலன் வெட்டுண்ட பிறகுதான் நடக்கிறது.

சிலப்பதிகாரத்தில் ஒரு சின்ன இடம் உண்டு. அவசரமாகப் படிப்பவர்கள் தாண்டிவிடுவார்கள். கோவலனைப் பார்த்த காவலர்களுக்கு மனம் ஒப்பவில்லை. இந்த முகம் கள்வன் முகமாகத் தெரியவில்லை என்கிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். களவுத் தொழிலின் மந்திரம், மருந்து, தந்திரம் என்று ஒரு நீண்ட பிரசங்கம் வைக்கிறான். காவலன் ஒருவன் தனக்குத் தெரிந்த திருட்டுக் கதை ஒன்றைச் சேர்க்கிறான். பேச்சு வளர்ந்துகொண்டே போகிறது. அதற்குள் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். முதலில் சந்தேகப்பட்டவர்களின் குரல் பிறகு கேட்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒரு தரம் சொன்னார்கள், சிரித்ததும் அடங்கிவிட்டார்கள். அம்பாறைக் கூட்டத்திலும் அப்படி ஒருவன் இருந்திருப்பான். நம்முடைய வாட்ஸ்அப் குழுமங்களில் அவனைத் தினமும் காணலாம்.

4. குருநாகலில் நின்றவர்கள்

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு முஸ்லிம் பெயர் உள்ள எல்லோரும் சந்தேகத்துக்கு உரியவரானார்கள். அந்த மே மாதம் 23ஆம் திகதி 'திவயின' பத்திரிகை முதற்பக்கத்தில் ஒரு செய்தி போட்டது. முஸ்லிம் மருத்துவர் ஒருவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாரைச் சத்திரசிகிச்சையின்போது மலடாக்கினார் என்று. அடுத்த நாள் இரவு குருநாகல் போதனா வைத்தியசாலை மருத்துவர் ஷாபி சிஹாப்தீன் கைதானார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுக்க வரிசையில் நின்றார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளை இல்லை என்ற துயரம் உண்மையானது. அந்தத் துயரத்துக்கு ஒரு முகவரி கொடுத்ததுதான் பாதகம்.

குற்றப் புலனாய்வுத் திணைக்களம் சத்திரசிகிச்சை அறையில் அவரோடு வேலைசெய்த தாதியர்களையும் மருத்துவர்களையும் விசாரித்தது. சிசேரியன் சிகிச்சை என்பது ஒருவர் தனியே கதவைச் சாத்திக்கொண்டு செய்வதன்று. மயக்க மருந்து கொடுப்பவர், உதவி மருத்துவர், தாதியர் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். சுற்றி நின்றவர்கள் கண்டதைச் சொன்னார்கள். அப்படி எதையும் காணவில்லை என்று. குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலை 25ஆம் திகதி பிணையில் வந்தார்.

தெருவில் அவருக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அந்த நேரத்தில் அவருடைய சொந்தச் சமூகம் சொன்ன எதையும் நாடு காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரோடு நின்று வேலைபார்த்தவர்களின் சாட்சியம்தான் கணக்கில் எடுபட்டது. நிறுத்திவைத்திருந்த சம்பளப் பாக்கி, 26 இலட்சம் ரூபாய்க்கு மேல், 2022இல் அவருக்குக் கிடைத்தது. மருந்துக்கு நாடு தவித்துக்கொண்டிருந்த வருடம். அந்தப் பணம் முழுவதையும் மருந்து வாங்கச் சொல்லிச் சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார்.

5. சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

மாணவர்கள் கேட்பார்கள்: பொய் சொன்னவன்மேல் வழக்குப் போட முடியாதா? போடலாம். அவதூறு இலங்கையில் ஒரு காலத்தில் குற்றவியல் குற்றமாக இருந்தது. தொண்ணூறுகளிலும் 2000இலும் பத்திரிகை ஆசிரியர்களைத் தண்டிக்க அது பயன்பட்டது. 2002இல் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து அதை நீக்கினார்கள். இப்போது பாதிக்கப்பட்டவர் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்காடலாம். நம்முடைய உரோமன்-டச்சுச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. சொன்னது உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது. அதைச் சொன்னதில் பொதுநன்மை இருந்தது என்றும் காட்ட வேண்டும்.

ஆனால் சாப்பாட்டுக்கடைத் தம்பி யார்மேல் வழக்குப் போடுவார்? பகிர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஒரு சமூகத்தையே பழித்தால் வழக்காளி யார்? வருடக்கணக்காக இழுக்கும் வழக்கு முடியும்போது கடையும் இருக்காது, வாடிக்கையும் இருக்காது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. பொய்யைத் தடுக்க வந்த சட்டம் விமர்சனத்தையும் சேர்த்துத் தடுத்துவிடும் என்று பத்திரிகையாளர்களும் சட்டத்தரணிகளும் எதிர்த்தார்கள். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இனவெறுப்பைத் தூண்டுவதைத் தண்டிக்க 2007இல் வந்த ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ், வெறுப்புக்கு எதிராகப் பேனாவால் போராடுங்கள் என்று முகநூலில் எழுதிய ரம்ஸி ராஸிக்கை 2020 ஏப்ரலில் சிறைவைத்தார்கள். அது அவருடைய அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. கத்தி யார் கையில் போகும் என்று தெரியாமல் கத்தியைத் தீட்டிக்கொடுக்க முடியாது.

இங்கே இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பெயர் கெடும் என்பதற்காக உண்மையை மறைப்பதும் நம்மிடம் உள்ள நோய்தான். பள்ளிவாசல் கணக்கைக் கேட்டால், கோயில் கணக்கைக் கேட்டால், பிரதேச சபைக் கேள்விப்பத்திரத்தைக் கேட்டால், 'ஊர்ப் பெயரைக் கெடுக்காதே' என்பார்கள். அது அவதூறாகாது, அது கணக்குக் கேட்பது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. புறம்பேசுதலை அவ்வளவு கடுமையாகக் கண்டித்த மார்க்கத்திலேயே, பதின்மூன்றாம் நூற்றாண்டின் இமாம் நவவி, ஒருவருடைய குறையைச் சொல்ல அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை வகுத்தார். அநீதிக்கு உள்ளானவர் முறையிடுவது, தீமையைத் தடுக்க உதவி தேடுவது, மார்க்கத் தீர்ப்புக் கேட்பது, பிறரை எச்சரிப்பது முதலியன. ஹதீஸ் அறிஞர்கள் அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் உரசிப் பார்த்தார்கள். இவர் ஞாபகசக்தி குறைந்தவர், இவர் பொய்யர் என்று பெயர் சொல்லி எழுதிவைத்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இதை நீ யாரிடம் கேட்டாய், அவர் யாரிடம் கேட்டார்? 'ஃபோர்வர்டட் மெனி டைம்ஸ்' என்று வரும் செய்திக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். முதற்படியிலேயே சங்கிலி அறுந்துவிடும்.

6. கிட்டங்கிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

இனி நம்முடைய விடயம். இதுவரை சொன்னவற்றில் பழி போட்டவர்கள் வேறு யாரோ. தமிழரும் முஸ்லிம்களுமாகிய நாம் ஒருவர்மேல் ஒருவர் போட்டதற்குக் கணக்கு என்ன? மேடைகளில் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்கிறோம். இறங்கி வீட்டுக்குப் போனால் பேச்சு வேறு.

1990 ஆகஸ்ட் மாதத்தை நினைவுள்ளவர்கள் இங்கே இருக்கிறீர்கள். காத்தான்குடி, ஏறாவூர், வீரமுனை. மூன்று ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே போதும். தொழுகையில் நின்றவர்களையும் கோயிலில் தஞ்சம் புகுந்தவர்களையும் கொன்றவர்கள் ஆயுதம் வைத்திருந்த சிலர். ஆனால் பழி அந்தச் சிலரோடு நிற்கவில்லை. 'அவங்கள்' என்ற ஒரு சொல்லுக்குள் சந்தைக்கு வருகிறவரும் வயலுக்குப் போகிறவரும் படிப்பித்த வாத்தியாரும் எல்லோரும் அடைபட்டுப் போனார்கள். முப்பத்தைந்து வருடம் கழித்தும் அந்தச் சொல் நம்முடைய வீடுகளில் புழங்குகிறது.

அதேவேளை, பிழைப்பு வேறொன்றைச் சொல்கிறது. பெரும்போக விதைப்புக்கு முன் அண்ணாமலையிலும் சவளக்கடையிலும் உள்ள விவசாயி உரத்துக்கும் எண்ணெய்க்கும் யாரிடம் போகிறார்? பெரும்பாலும் கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்து முதலாளியிடம். கடன் கொப்பியில் ஒரு பெயர், ஒரு தொகை, ஒரு திகதி. வட்டைக்குள் வெள்ளம் வந்தால், அறக்கொட்டி விழுந்தால், கடன் அடுத்த போகத்துக்குத் தள்ளிப்போகும். கொப்பியில் ஒரு கோடு கிழித்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோவார்கள். பொலிஸும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. மாரியில் கல்முனைக்குப் போகும் வழியிலுள்ள கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்து போக்குவரத்து நின்றாலும் கணக்கு நிற்பதில்லை. இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிற இரண்டு பேர், கைத்தொலைபேசியில் வரும் ஒரு குரல்பதிவை ஒருவரையொருவர் கேட்காமலே நம்புகிறார்கள் என்றால் அது வெட்கக்கேடு.

ஆகவே சில காரியங்களைச் சொல்கிறேன். பெரிய திட்டங்கள் எதுவும் இல்லை.

ஒரு கதை வந்தால், அது யாரைப் பற்றியதோ அவரிடமே முதலில் கேளுங்கள். முதலாளியின் நம்பர் உங்களிடம் இருக்கிறது.

பொய் என்று தெரிந்தால், கேட்ட இடத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள். குழுமத்தில் கேட்டதைக் குழுமத்தில், தேநீர்க்கடையில் கேட்டதைத் தேநீர்க்கடையில். சிரிப்பார்கள். கோவலனைப் பார்த்த காவலர்களைப் போல அடங்கிவிடாமல் இரண்டாந்தரமும் சொல்லுங்கள்.

முஸ்லிமைப் பற்றிய பொய்யைத் தமிழர் மறுக்க வேண்டும். தமிழரைப் பற்றிய பொய்யை முஸ்லிம் மறுக்க வேண்டும். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையும் கோயில் பரிபாலன சபையும் தேவாலயமும் பாடசாலை அதிபர்களும் இப்படி ஒன்று நடந்தால் அன்றைக்கே கூடி விசாரித்து, பள்ளி ஒலிபெருக்கியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் ஒரே அறிவித்தலைச் சொல்லுங்கள். தன் ஆளுக்காகத் தன் ஒலிபெருக்கி பேசுவது மட்டும் போதாது.

பொய் வெளுத்த மறுநாள், எந்தக் கடையைப் பற்றிச் சொன்னார்களோ அந்தக் கடைக்குக் குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுங்கள். மறுப்பறிக்கையை வாசிப்பவர்களைவிட நீங்கள் சாப்பிடுவதைப் பார்ப்பவர்கள் அதிகம்.

பழி சொன்னவனையும் என்றைக்கும் தள்ளிவைத்துவிடாதீர்கள். ஆயிஷா (ரழி) அவர்கள்மேல் பழி பரப்பியவர்களில் மிஸ்தஹ் என்ற ஏழை உறவினரும் ஒருவர். அவருக்குக் கொடுத்துவந்த உதவியை இனிக் கொடுப்பதில்லை என்று தந்தை அபூபக்ர் (ரழி) அவர்கள் ஆணையிட்டார்கள். மன்னிக்கும்படி வசனம் இறங்கியதும் உதவியைத் திரும்பவும் தொடங்கினார்கள். தண்டனை முடிந்தவனுக்கு ஊரில் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனுக்குப் பொய் சொல்வதைத் தவிர வேறு தொழில் இருக்காது.

கடைசியாக, இந்த அறக்கட்டளையிடமே ஒரு வேண்டுகோள்.

ஸைனப் அவர்களால் அந்தச் சாட்சியத்தைச் சொல்ல முடிந்தது, ஆயிஷா அவர்களை அறிந்திருந்தபடியால். குருநாகல் தாதியரால் சொல்ல முடிந்தது, ஒரே அறையில் நின்று வேலைசெய்தபடியால். நம்முடைய பிள்ளைகள் யாருக்காகச் சாட்சி சொல்வார்கள்? தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பாடசாலையில், முஸ்லிம் பிள்ளை முஸ்லிம் பாடசாலையில், சிங்களப் பிள்ளை அம்பாறையில். முதலாம் ஆண்டு முதல் உயர்தரம் வரை பதின்மூன்று வருடம் ஒருவரையொருவர் அறியாமல் வளர்த்துவிட்டு, ஒரு நெருக்கடி வந்த இரவில் ஒருவருக்காக ஒருவர் முன்வருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.

பாடசாலைகளை ஒன்றாக்குவது நம்முடைய கையில் இல்லை. சனி, ஞாயிறு வகுப்புகள் நம்முடைய கையில் இருக்கின்றன. ஆங்கிலமும் சிங்களமும் தமிழ்ப் பிள்ளைக்கும் வேண்டும், முஸ்லிம் பிள்ளைக்கும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே வகுப்பறை போதும். சவளக்கடையிலிருந்தும் மத்திய முகாமிலிருந்தும் சொறிக்கல்முனையிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஒரே வாங்கில் இருத்தி, இந்த இரண்டு மொழிகளையும் படிப்பியுங்கள். சிங்களம் படித்த பிள்ளை நாளைக்கு அம்பாறையில் ஒரு காசாளர் மேசையில் இருந்தால் கேட்கிற கேள்வி விளங்கும். ஒன்றாகப் படித்த பிள்ளைகள் நாளைக்கு ஒருவரைப் பற்றி ஒருவர் ஏதேனும் கேள்விப்பட்டால், 'அவனை எனக்குத் தெரியும்' என்று சொல்லிப் பேச்சைத் தொடங்குவார்கள்.

அடுத்த வருடச் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் பணத்தை அந்த வகுப்புக்குக் கொடுத்துவிட்டால்கூட நான் வருத்தப்படமாட்டேன்.